தலைவலிக்கு ஒரு வரி கொடுங்கள்

பெறுநர்:
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறை,
தமிழ்நாடு அரசு,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பதிவேட்டில் தலைவலிக்கு ஒரு வரி சேர்க்கக் கோருதல்.

ஐயா, அம்மா, வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டத்தின் தென்கோடியில், ஒரு பேருந்து நிலையத்துக்கு எதிரே 23 வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம் படித்தவன். காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே இரண்டு மூன்று பேர் நின்றுகொண்டிருப்பார்கள். மில்லுக்குப் போகிறவர்கள், விடியுமுன் மல்லிகை பறித்து நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு வீடு திரும்புகிறவர்கள். அதில் யாருக்குத் தலைவலி என்று அவர்கள் வாய் திறக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிடும். டியூப்லைட் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டார்கள். முந்தானையைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஒரு கை நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருக்கும், இன்னொரு கை பத்து ரூபாயை நீட்டும்.

“அண்ணே, ரெண்டு மாத்திரை.”

எந்த மாத்திரை என்று அவர்கள் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. கத்தரிக்கோலை எடுத்து அட்டையிலிருந்து இரண்டை நறுக்கிக் கொடுப்பேன். கால் நிமிஷம் ஆகும். எங்கள் ஊரில் தலைவலிக்கு நடக்கிற வைத்தியம் இவ்வளவுதான். அதைச் செய்துகொண்டிருந்தவன் நான் என்பதால் இந்த மடலில் பாதி வாக்குமூலம், மீதிதான் விண்ணப்பம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி தலைவலி வந்ததே இல்லை. எனக்கு அது என்னுடைய கடன் நோட்டிலிருந்துதான் தெரிந்தது.

பூ பறிக்கிற ஒரு தங்கச்சியைப் பற்றிச் சொல்கிறேன். வயது 38. பத்தொன்பது வயதில் தொடங்கிய மண்டையிடி. மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வரும். ஒரு பக்கமாக, நாடி துடிக்கிற மாதிரி விண்ணு விண்ணென்று தெறிக்கும். வந்தால் ஒரு பகல் ஒரு இரவு. குனிந்தால் அதிகமாகும், பூப்பறிப்பதோ குனிந்தே செய்கிற வேலை. விடிகாலையில் தலையில் மாட்டுகிற டார்ச்சின் பட்டை நெற்றியில் பட்டாலே உயிர் போகும் என்பார். இதிலெல்லாம் கொடுமை, அந்த நாளில் மல்லிகை வாசம் ஆகாது. கூடை நிரம்ப நிரம்பக் குமட்டிக்கொண்டு வரும். ஊரே தலையில் வைத்துக்கொள்கிற பூவை இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பறிப்பார்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. முதலில் கண்ணாடிக் கடை. கால் பவர் என்று சொல்லிக் கண்ணாடி போட்டார்கள், தலைவலி நிற்கவில்லை. அடுத்தது சைனஸ். எக்ஸ்ரே, ஆவி பிடித்தல், ஐந்து நாள் ஆன்டிபயாடிக். வருஷத்துக்கு இரண்டு தடவை என்று நாலைந்து வருஷம் ஓடியது. ‘தலையில் நீர் கோத்திருக்கு’ என்று நொச்சியும் சாம்பிராணியும் சுக்குப்பற்றும் வீட்டில் தனியாக நடந்தன. கடைசியில் கம்மலை அடகு வைத்து சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல். “ஒண்ணுமில்லம்மா, டென்ஷன் ஆகாதீங்க” என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த ‘ஒண்ணுமில்ல’ வீட்டில் என்ன செய்தது என்பதை அவர் என் கடைப் படியில் உட்கார்ந்துதான் சொன்னார். அதுவரை கொஞ்சம் பரிதாபமாவது இருந்ததாம். ஸ்கேன் எடுத்த பிறகு மாமியார், “ஒண்ணுமில்லைன்னு படமே புடிச்சுச் சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன படுக்கை?” என்று கேட்டாராம். கம்மலும் போய், நோயும் பொய் என்றாகிவிட்டது.

ஸ்கேனில் தெரியாது என்பதுதான் இந்த நோயின் லட்சணமே. கட்டி, ரத்தக்கசிவு, மூளைக்காய்ச்சல் என்று வேறொன்றின் அடையாளமாக வருகிற தலைவலி ஒரு வகை. தலைவலியே நோயாக வருவது இன்னொரு வகை. ஒற்றைத் தலைவலி எனும் மைக்ரேன், தலையைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி வரும் டென்ஷன் தலைவலி, இன்னும் அரிதாக கிளஸ்டர் தலைவலி, இவை அந்த இரண்டாவது வகை. தலைவலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். இதைக் கண்டுபிடிக்கிற இயந்திரம் இன்றுவரை வரவில்லை. நோயாளியை உட்கார வைத்துக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என்ன கேட்க வேண்டும் என்பதும் ரகசியமில்லை. சர்வதேசத் தலைவலிச் சங்கம் 1988இலேயே வகைப்பாடு போட்டு, 2018இல் மூன்றாம் பதிப்பு வரை கொண்டுவந்துவிட்டது. மைக்ரேன் என்றால் மருந்து போடாவிட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் நிற்கும். ஒரு பக்கம், துடிப்பு, வேலை கெடும் அளவு கடுமை, நடந்தாலோ படியேறினாலோ அதிகமாவது: இந்த நான்கில் இரண்டு இருக்கும். கூடவே குமட்டலோ வாந்தியோ இருக்கும். அல்லது வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து ஆகாது. இப்படி ஐந்து முறையாவது வந்திருக்க வேண்டும், வேறு நோயால் வரவில்லை என்றும் தெரிய வேண்டும். டென்ஷன் தலைவலி இதற்கு நேர் எதிர்: இரண்டு பக்கமும், துடிப்பில்லாமல், வேலையைக் கெடுக்காமல், குமட்டாமல் வரும்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு டாக்டரம்மா வந்தார். படிப்பு முடித்து நேரே வந்த இளம் பிள்ளை. இந்தத் தங்கச்சி ஒரு நாள் ஊசி போட்டுக்கொள்ள அங்கே போயிருக்கிறார். டாக்டரம்மா ஊசியை எடுக்குமுன் மூன்று கேள்வி கேட்டாராம். தலைவலி வந்தால் குமட்டுகிறதா? வெளிச்சம் சாதாரண நாளைவிட அதிகமாகக் கூசுகிறதா? போன மூன்று மாதத்தில் இதனால் ஒரு நாளாவது வேலை கெட்டதா? மூன்றில் இரண்டுக்கு ஆமாம் என்றால் மைக்ரேனாக இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று 2003இலேயே ஆய்வு வந்துவிட்டது. தங்கச்சி மூன்றுக்கும் ஆமாம் சொன்னார். பிறகு பி.பி. பார்த்து, கண்ணுக்குள் விளக்கடித்து, கழுத்தை மடக்கிப் பார்த்து, மூக்கைத் தொடச் சொல்லி, நடக்கச் சொல்லி, அவ்வளவுதான். பத்து நிமிஷம்கூட இருக்காது. நாலாவதாக ஒன்று கேட்டார் பாருங்கள், அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

“மாசத்துக்கு எத்தனை மாத்திரை போடுறீங்க?”

தங்கச்சிக்குத் தெரியவில்லை. ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் எனக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தனுப்பினார்: இவர் போன மாதம் வாங்கிய வலி மாத்திரை எத்தனை, எத்தனை நாளில்? நான் கடன் நோட்டைப் புரட்டினேன். 46 மாத்திரை. 22 நாள். என் கையெழுத்திலேயே ‘2 மா’, ‘2 மா’, ‘2 மா’ என்று பக்கம் பக்கமாக இருந்தது.

வலி மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்று படித்தபோது என் காதில் விழுந்ததா, இல்லையா, ஞாபகமில்லை. விழுந்திருந்தாலும் கடை வைத்த பிறகு மறந்திருப்பேன். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாதிரி ஒற்றை மருந்துகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபின் கலந்த கூட்டு மாத்திரை, மைக்ரேனுக்கென்றே இருக்கிற எர்கோட்டமின், டிரிப்டான் வகைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், எப்போதாவது வந்த தலைவலி தினசரித் தலைவலியாகிவிடும். காலையில் கண் விழிக்கும்போதே இருக்கும். மாத்திரை போட்டால் நாலு மணி நேரம் அடங்கும், மறுபடி கேட்கும். மாதம் மூன்று முறை வந்த தங்கச்சியின் தலைவலி மாதம் 22 நாள் ஆனதில் என் கத்தரிக்கோலுக்கும் பங்குண்டு. குடல்புண்ணும் கிட்னி பழுதும் தனிக் கணக்கு.

டாக்டரம்மா செய்தது மிகச் சாதாரணமான காரியம். கூட்டு மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொன்னார். கடுமையான நாளுக்கு மட்டும் நாப்ராக்சன் என்கிற வலி மாத்திரை, கூடவே குமட்டலுக்கு டாம்பெரிடோன். மைக்ரேன் வந்தால் இரைப்பை மந்தமாகிவிடும், மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும். அதனால் வலி தொடங்கியதுமே போட வேண்டும், மண்டை பிளக்கும்வரை பொறுத்திருந்து போட்டால் கேட்காது என்று விளக்கினார். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது. தடுப்பு மருந்தாக ராத்திரி படுக்குமுன் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், அப்புறம் 25. ஒரு மாதக் காலண்டரைக் கொடுத்து, வலித்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு குறுக்குக் கோடு போடச் சொன்னார். என்னையும் கூப்பிட்டு, “அண்ணே, நீங்களும் குடுக்கக் கூடாது” என்றார்.

முதல் பத்து நாள் நரகம். நிறுத்தினால் வலி முதலில் கூடத்தான் செய்யும் என்று முன்பே சொல்லியிருந்தும், தங்கச்சி கடை முன்னால் நின்று என்னைத் திட்டினார். “காசு குடுக்குறேன், மாத்திரை குடுக்க உனக்கு என்னண்ணே வந்துச்சு?” கொடுக்கவில்லை. எதிர்க்கடையில் போய் வாங்கினார். நான் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒரு கடை மூடினால் பக்கத்துக் கடை திறந்திருக்கும் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டாம் வாரம் அவரே நிறுத்தினார். மூன்றாவது மாதக் காலண்டரில் ஆறு வட்டம்தான் இருந்தது.

இங்கே அமிட்ரிப்டிலின் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இது கவுன்டரில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். இந்த மாத்திரையை வாங்கிப்போகிறவர்களில் பலர் மறுநாளே திரும்பி வருவார்கள். வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை போனில் தட்டிப் பார்த்திருக்கும். “ஏண்ணே, எனக்கென்ன பைத்தியமா? இது மனநோய் மாத்திரையாமே!” ப்ராப்ரனலால் கொடுத்தால், “எனக்கு பி.பி.யே இல்லையே, எதுக்கு பி.பி. மாத்திரை?” ஃப்ளூனரிசின், டோபிரமேட் என்று போனால் அதற்கு வலிப்பு, தலைசுற்றல் என்று ஏதாவது பெயர். தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவை வேறு நோய்க்கு வந்து, மைக்ரேனுக்கும் கேட்கிறது என்று பிறகு கண்டுபிடிக்கப்பட்டவை. எழுதித் தருகிற டாக்டர் அரை நிமிஷம் இதைச் சொல்லியனுப்பினால் போதும். சொல்லாவிட்டால் மருந்து குப்பைக்குப் போகும். ஆறு முதல் எட்டு வாரம் போட்டுப் பார்த்துத்தான் பலன் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் மூன்றாம் நாள் கேட்காவிட்டால் டாக்டரை மாற்றிவிடுவார்கள். ப்ராப்ரனலால் ஆஸ்துமா இருந்தால் கூடாது. வலிப்புக்குக் கொடுக்கிற வால்ப்ரோயேட்டைப் பிள்ளை பெறுகிற வயதுப் பெண்களுக்கு மைக்ரேனுக்காகக் கொடுக்கவே கூடாது, கருவைப் பாதிக்கும். டோபிரமேட்டிலும் அந்த ஆபத்து உண்டு. இவ்வளவு கவனித்துக்கொண்டால், தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற அமிட்ரிப்டிலினும் ப்ராப்ரனலாலும் நாளொன்றுக்கு ஒரு டீக்காசுகூட ஆகாத மருந்துகள். வெளிநாட்டில் 2018 முதல் வந்திருக்கிற புது ஊசிகளை நான் கேட்கவில்லை. அந்த விலை நம் ஊருக்கு எட்டாது.

சரி, தங்கச்சி குணமானார், கதை முடிந்தது என்றால் இந்த மடலுக்கு வேலையில்லை. டாக்டரம்மாவுக்கு மேல்படிப்பு கிடைத்துப் போய்விட்டார். போக வேண்டியதுதான், நல்ல பிள்ளை. ஆனால் அவரோடு அந்த மூன்று கேள்வியும் போய்விட்டது. அடுத்து வந்தவருக்கு ஓ.பி.யில் ஒரு காலைக்கு நூறு பேருக்கு மேல். சீட்டைப் பார்த்து, “இது மன அழுத்தத்துக்குப் போடுறதாச்சே, உனக்கு எதுக்கு?” என்று நிறுத்திவிட்டு டைக்ளோஃபெனாக் என்கிற வலி ஊசி எழுதினார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? முந்தையவர் ஏன் தொடங்கினார், எத்தனை வட்டம் எத்தனையாகக் குறைந்தது என்று எழுதிவைக்க எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. சர்க்கரைக்கு இடமிருக்கிறது, ரத்தக்கொதிப்புக்கு இருக்கிறது, டயாலிசிஸுக்குக்கூட இருக்கிறது. டாக்டர் மாறினாலும் சர்க்கரை நோயாளியின் மாத்திரை மாறாமல் வருகிறது. தலைவலிக்காரர் மட்டும் ஒவ்வொரு டாக்டரிடமும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறார்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, மாத்திரை வீடு தேடி வந்தால் என் வியாபாரம் என்ன ஆகும் என்று கவலைப்பட்டவர்களில் நானும் ஒருவன். வியாபாரம் குறைந்தது உண்மை. பக்கவாதம் வந்து தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் குறைந்தால் சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்தத் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற தன்னார்வலர் அம்மா ஒருவர் வாரம் ஒருமுறை என் கடைக்கு வருவார். பி.பி. மிஷின் பை தோளில் தொங்கும். நெற்றியில் தைலம் மின்னும். அவர் கேட்பதும் அதே இரண்டு மாத்திரைதான். ஊரார் பி.பி.யை எழுதுகிறவரின் தலைவலியை எழுத நோட்டில் இடமில்லை.

எத்தனை பேருக்கு என்று கேட்பீர்கள். பக்கத்து மாநிலத்தில் கணக்கெடுத்திருக்கிறார்கள். பெங்களூரில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனத்தின் குழு கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் 2,329 பேரைக் கேட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருஷத்துக்குள் தலைவலி வந்தவர்கள் 63.9 சதவீதம், மைக்ரேன் மட்டும் 25.2 சதவீதம். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். தலைவலி என்பது படித்த பட்டணத்துப் பெண்களின் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். உலக நோய்ச்சுமைக் கணக்கில் 15 முதல் 49 வயதுப் பெண்களை முடக்கிப்போடும் நோய்களில் மைக்ரேனுக்குத்தான் முதலிடம். உயிரைக் கொல்வதில்லை என்பதால் மரணக் கணக்கில் வராது. பாதிக்கூலியும் போன நாளும் எந்தக் கணக்கிலும் வராது.

சைனஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ‘எனக்கு சைனஸ் தலைவலி’ என்று சொல்லிக்கொண்ட, அல்லது டாக்டரே அப்படிச் சொன்ன 2,991 பேரை விசாரித்ததில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகை. 2004இல் வந்த ஆய்வு. மைக்ரேன் வந்தாலும் மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும், கன்னம் வலிக்கும். ஏமாந்துபோக எல்லாம் இருக்கிறது. நம் ‘தலையில் நீர் கோத்தலும்’ இதில் பாதி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நம் பாட்டிமார் சொன்னதில் ஒன்று சரிதான்: தலைக்குக் குளித்தால் தலைவலி வரும் சிலருக்கு. மும்பைத் தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர் 2006இல் இப்படி 94 இந்திய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பட்டினியாகக் கோயிலுக்குப் போய், உச்சி வெயிலில் திரும்புகிற பெண்ணுக்கு மைக்ரேன் வருவதற்கு வேறு சாபம் வேண்டியதில்லை. விரதத்தை விடச் சொன்னால் விட மாட்டார்கள். தலையைத் துவட்டிவிட்டு இரண்டு இட்லி சாப்பிட்டுப் போங்கள் என்றால் சிலர் கேட்கிறார்கள்.

தைலத்தையும் நான் பழிக்க மாட்டேன். 1893இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் அமிர்தாஞ்சனம் தொடங்கினார், பிறகு சென்னைக்குக் கொண்டுவந்தார். தலைவலிக்காரியின் கைக்கு மருந்து போய்ச் சேர வேண்டும் என்பது அந்த வியாபாரிக்கு அரசாங்கத்துக்கு முன்பே புரிந்திருந்தது. தேய்த்தால் இதமாக இருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவரின் கதை வேறு மாதிரி. பங்குனி பிறந்தால் ராத்திரி ஒன்றரை மணிக்கு அலாரம் வைத்த மாதிரி எழுப்பிவிடும். வலது கண்ணுக்குப் பின்னால் கம்பியைக் காய்ச்சிக் குத்துகிற மாதிரி. அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் ஊற்றும், அந்த மூக்கு மட்டும் அடைக்கும். மைக்ரேன்காரர்கள் இருட்டில் அசையாமல் கிடப்பார்கள். இவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. தெருவில் நடப்பார், சுவரில் முட்டிக்கொள்வார். ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும், மறுநாள் அதே நேரத்துக்கு வரும். ஆறு வாரம் இப்படி, பிறகு வருஷம் முழுக்க ஒன்றுமில்லை. பல்லில் கோளாறு என்று நல்ல பல் இரண்டைப் பிடுங்கியாகிவிட்டது. பேய்க்கும் பார்த்தாகிவிட்டது. இதுதான் கிளஸ்டர் தலைவலி. ஆயிரத்தில் ஒருவருக்கு வரலாம் என்கிறார்கள், அரிதுதான். ஆனால் வலி வந்ததும் முகமூடி வைத்து நிமிஷத்துக்கு 12 முதல் 15 லிட்டர் வீதம் முழு ஆக்சிஜன் கால் மணி நேரம் கொடுத்தால் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். கொரோனாவுக்குப் பிறகு ஆக்சிஜன் நமக்குப் புதிதல்ல. ஒரு ராத்திரி இவர் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். சிலிண்டர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. விரலில் கருவியை மாட்டிப் பார்த்து, “99 இருக்கு, மூச்சு நல்லாத்தானே இருக்கு” என்று அனுப்பிவிட்டார்கள். திருச்சியில் நரம்பியல் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் நோயின் பெயரே தெரிந்தது, ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு வெராபமில் என்கிற தடுப்பு மருந்தைத் தொடங்கினார்கள். பல் திரும்பவா வரும்?

எல்லாத் தலைவலிக்கும் மூன்று கேள்வி போதும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இடி விழுந்த மாதிரி ஒரே நிமிஷத்தில் உச்சத்துக்குப் போகிற தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல், 50 வயதுக்கு மேல் முதன்முதலாக வருவது, இருமினால் தும்மினால் வருவது, கர்ப்பத்திலோ பிள்ளை பெற்ற ஆறு வாரத்துக்குள்ளோ புதிதாக வருவது, இவற்றில் எதுவானாலும் மாத்திரை தராமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பிள்ளை பெற்றவளின் தலைவலியை ‘பச்சை உடம்பு, காத்துப் பட்டிருக்கும்’ என்று விடுவது மிக ஆபத்து. மூளை ரத்தநாளத்தில் உறைவு வருகிற காலம் அது. இந்தப் பட்டியல் தபால் அட்டை அளவில் அடங்கும். என் கவுன்டர் கண்ணாடிக்கடியில் கையால் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். அரசு அச்சடித்துக் கொடுத்தால் எல்லாக் கடையிலும் ஒட்டலாம்.

இன்னொன்று உங்கள் துறைக்கே நேரடியானது. மைக்ரேன் வருமுன் சிலருக்குக் கண்ணில் கோலம் போடும். வெயிலில் தார் ரோடு நெளிகிற மாதிரி, சரவெடி மாதிரி, கோணல் மாணலாக ஒளிக்கோடு நகர்ந்து ஐந்து நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மறையும். சிலருக்கு ஒரு கை மரத்துப்போகும். ‘ஆரா’ என்பார்கள். இது இருக்கிற பெண்கள் ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடக் கூடாது. பக்கவாத ஆபத்து கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. நம் அரசு இலவசமாகக் கொடுக்கிற ‘மாலா என்’ அந்த வகைதான். கையில் கொடுக்கிற கிராம சுகாதார செவிலியர் “தலைவலிக்கு முன்னால கண்ணுல பூச்சி பறக்கிற மாதிரி தெரியுமா?” என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஆமாம் என்றால் ஹார்மோன் இல்லாத ‘சாயா’ மாத்திரையும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. எங்கள் பகுதியில் யாரும் கேட்டு நான் கேள்விப்படவில்லை.

இனி விண்ணப்பம். புதுக் கட்டடம் வேண்டாம், புது மிஷின் வேண்டாம். வீடு தேடி வருகிற தன்னார்வலரின் பதிவேட்டில் தலைவலிக்கு ஒரு வரி வேண்டும்: மாதம் எத்தனை நாள் வலி, எத்தனை நாள் வலி மாத்திரை. பத்து நாளைத் தாண்டினால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கு இதற்கென்று ஒரே ஒரு நாள் பயிற்சி; மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிற நரம்பியல் பேராசிரியர்கள் நடத்தலாம். தடுப்பு மருந்து தொடங்கினால், சர்க்கரை மாத்திரை மாதிரியே, டாக்டர் மாறினாலும் அது தொடர்ந்து வர வேண்டும். கிளஸ்டர்காரர்களுக்கு மூச்சு நன்றாக இருந்தாலும் ஆக்சிஜன் தரலாம் என்று ஒரு சுற்றறிக்கை. ஊசிக்காக வருகிறவரைத் திட்டாமல், காலண்டர் ஒன்றைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

எங்களையும் விட்டுவிடாதீர்கள். சோதனைக்கு வந்து பில் புத்தகம் பார்க்கிற மருந்து ஆய்வாளர், தலைவலி மாத்திரை திரும்பத் திரும்ப யாருக்குப் போகிறது என்றும் கேட்கலாம். மாதத்தில் பத்தாவது தடவை வருகிறவரிடம் ‘போய் டாக்டரைப் பாருங்க’ என்று சொல்ல எங்களுக்கு உத்தரவிடுங்கள். ஊருக்கெல்லாம் ஒரே உத்தரவாக இருந்தால் எதிர்க்கடை பயம் இருக்காது. எங்கள் சங்கத்தில் இதைப் படித்துவிட்டு, இவன் தன் வயிற்றில் மட்டுமா அடித்துக்கொள்கிறான், நம் வயிற்றிலும் சேர்த்து அடிக்கிறான் என்பார்கள். சொல்லட்டும்.

தங்கச்சிக்கு இப்போது மாதம் பதினாலு வட்டம். மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது. என் கடையில் வாங்குவதில்லை. எதிர்க்கடையில் வாங்குகிறார், எனக்குத் தெரியும். போகிறபோது தலையைக் குனிந்துகொண்டு போகிறார். போன வாரம் அவரே வந்து காலண்டர் தாள்களைக் கொடுத்து, “இதையும் அனுப்பு அண்ணே, ஆனா என் பேரு வேணாம்” என்றார். பேர் இருந்த மூலையைக் கத்தரித்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
திண்டுக்கல் மாவட்டம்.

இணைப்பு:
காலண்டர் தாள்கள் மூன்று: மருந்து தொடங்கிய மாதம் (22 வட்டம்), மூன்றாவது மாதம் (6 வட்டம்), போன மாதம் (14 வட்டம்).
கடன் நோட்டின் ஒரு பக்கம், நகல்.